முதல் பைலட் வேலை: மெல்பர்னிலிருந்து மெயில் போடுவதா, குனுனுராவுக்கு வண்டி கட்டுவதா?

மொராபின்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். மெல்பர்ன் புறநகரான மொராபினில் பயிற்சி முடித்து கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். லாக்புக்கில் பறந்த நேரம் இருநூறு மணிக்குச் சற்று மேல். முதல் வகுப்பு மெடிக்கல் இருக்கிறது, விமான நிலையப் பாதுகாப்பு அட்டையும் வந்துவிட்டது. மனைவி வழியாக பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்ததால் விசா பிரச்சினை இல்லை.

வடக்கு ஆஸ்திரேலியாவில் எனக்குத் தெரிந்த சுற்றுலா, சார்ட்டர் (வாடகை விமான) கம்பெனிகளுக்கெல்லாம் சி.வி. அனுப்பிவிட்டேன். எங்கிருந்தும் பதில் இல்லை. பள்ளியில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் (பயிற்றுநர் தகுதி) எடு என்கிறார். இன்னொருவர் இரட்டை எஞ்சின் ரேட்டிங்கும், கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் இல்லாமல் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்கிறார். மூன்றாமவர் காரில் ஏறி, மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்குக் கோடியில் இருக்கும் குனுனுராவுக்குப் போய் நில் என்கிறார். வேலை உறுதியில்லாமல் அவ்வளவு தூரம் போய் நிற்பதெல்லாம் இந்தக் காலத்திலும் நடக்கிறதா? இப்போது ஜனவரி. முடிவெடுக்க அதிக நாள் இல்லை.

ரேடார்திரை:
நான் இன்ஸ்ட்ரக்டர், அதனால் ஒருதலையாகப் பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்ட்ரக்டருக்கான தொடக்க நிலையான கிரேடு 3 ரேட்டிங் எடுத்தால் வீட்டிலிருந்தே வேலைக்குப் போகலாம். மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) என்றால் என்ன என்று நமக்கே புரிகிறது. வடக்கே போனால்தான் பைலட் என்பது பழைய கதை. ஆனால் சொல்லிக்கொடுப்பதில் விருப்பம் இல்லாமல் மணிக்கணக்கு ஏற்றுவதற்காக மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள். மாணவர்கள் பணம் கட்டிப் படிக்கிறார்கள்.

ஓர்டுநதி:
குனுனுரா இருக்கும் கிம்பர்லி பகுதியில் சில சீசன்கள் பறந்தவன், இப்போது டர்போபிராப் விமானத்தில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தம்பி, மெயிலுக்குப் பதில் வராததை மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சின்னக் கம்பெனியின் சீஃப் பைலட் காலையில் தானே ஏர்வேன் என்ற சின்ன விமானம் ஒன்றை எடுத்துக்கொண்டு போவார், வந்ததும் ரோஸ்டர் போடுவார், நடுவில் ஒரு டயர் பிரச்சினையைப் பார்ப்பார். சாயங்காலம் கம்ப்யூட்டரைத் திறந்தால் எல்லா சி.வி.யும் ஒன்றுபோல இருக்கும். எல்லோருக்கும் இருநூறு மணி, எல்லோரும் கடுமையாக உழைப்பார்கள். இதில் யாரைத் தேர்ந்தெடுப்பார்?

அவருடைய கவலை வேறு. உங்களுக்கு விமானம் ஓட்டத் தெரியும் என்று லைசென்ஸே சொல்கிறது. தெரியாத இடங்களை அவர்தான் சரி செய்யப் போகிறார். 2021 டிசம்பர் 2 முதல் சின்ன விமானங்களில் ஆள் ஏற்றும் வேலையெல்லாம் ஆஸ்திரேலிய விமானப் பாதுகாப்பு விதிகளில் பார்ட் 135 என்ற பகுதிக்குள் வந்துவிட்டது. புதியவரைச் சேர்த்தால் கம்பெனி நடைமுறைப் பயிற்சி, மேற்பார்வையில் பறப்பு, திறன் சோதனை எல்லாம் முடித்துத்தான் தனியாக விட முடியும். இதில் எரியும் பெட்ரோல் கம்பெனியுடையது. இவ்வளவும் செய்து முடித்தபின், வெயில் தாங்கவில்லை, காதலி சிட்னியில் இருக்கிறாள் என்று ஜூலையில் பெட்டி கட்டினால் அவருக்கு அந்த சீசனே போயிற்று. ஆகவே அவர் மனதில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த ஆள் அக்டோபரிலும் இங்கே இருப்பானா? அதற்கு மெயிலில் பதில் சொல்ல முடியாது. ஊரில் வந்து குடியிருப்பவரைப் பார்த்தால் அவருக்கே தெரியும்.

அடுத்தது காலக்கணக்கு. அங்கே இரண்டே பருவம்தான், மழையும் வறட்சியும். ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை சுற்றுலாக் கூட்டம். குனுனுராவிலிருந்து ஆர்கைல் ஏரிக்கு மேலாகப் போய் பங்கிள் பங்கிள் குன்றுகளைச் சுற்றிக்காட்டித் திரும்புவதுதான் முக்கியமான பறப்பு. அந்தக் குன்றுகள் 1983 வரை வெளியுலகத்துக்கு அதிகம் தெரியாது. 2003இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. கூட்டம் வருவதற்கு முன்பே பயிற்சி முடிந்திருக்க வேண்டும் என்பதால், ஆள் எடுப்பது பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில். மே மாதம் போய் நிற்பவருக்கு, யாராவது நடுவில் ஓடிப்போனால் ஒழிய, இடம் இருக்காது.

விமானம் என்று பார்த்தால் செஸ்னா 206, செஸ்னா 210, ஜிஏ8 ஏர்வேன். 206க்கும் ஏர்வேனுக்கும் மடங்காத சக்கரம். 210இல் சக்கரம் மடங்கும். மடங்கும் சக்கரத்துக்கும் புரொப்பெல்லர் இலைகளின் கோணத்தைக் கையால் மாற்றுவதற்கும் உங்கள் லைசென்ஸில் எண்டோர்ஸ்மென்ட் (கூடுதல் அனுமதி) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வடக்கே கிளம்புமுன் முடித்துவிடுங்கள். கையில் பணம் மிச்சமிருந்தால் 206இலோ 210இலோ சில மணி நேரம் பறந்துவிட்டு வாருங்கள். சூடான எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யத் தெரிகிறதா என்று கண்டிப்பாகப் பார்ப்பார்கள். மொராபின் குளிரில் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொள்ளும். வடக்கே பகல் பன்னிரண்டு மணிக்கு, அப்போதுதான் அணைத்த இன்ஜெக்ஷன் எஞ்சின் குழாயில் பெட்ரோல் ஆவியாகி நிற்கும். பின்னால் ஐந்து பேர் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், நீங்கள் பேட்டரியைத் தின்றுகொண்டிருப்பீர்கள்.

வெயில் விமானத்தையும் விடாது. குனுனுரா ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து 150 அடிகூட உயரமில்லை. ஆனால் 35 டிகிரியில் விமானம் ஏறக்குறைய 2500 அடி உயரத்தில் இருப்பதுபோல்தான் நடந்துகொள்ளும். 206இன் மொத்த எடை வரம்பு 1633 கிலோ. அதில் பயணிகளையும் பெட்ரோலையும் உங்களையும் அடக்க வேண்டும். சி.வி.யில் உங்கள் உடல் எடையைப் போடுங்கள். சிரிக்காதீர்கள், ஒல்லியான பைலட் என்றால் கூடுதலாகப் பெட்ரோல் ஏற்றலாம்.

இரட்டை எஞ்சின், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இப்போது வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஒவ்வொரு ஆண்டும் திறன் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். சுற்றுலாப் பறப்பில் அதற்கு வேலையே கிடையாது. ஐந்நூறு, அறுநூறு மணி வந்தபின், கம்பெனி இரட்டை எஞ்சினுக்கு ஏற்றும் என்று தெரிந்த பிறகு எடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
எல்லாம் சரி. வேலை கிடைக்கும்வரை சாப்பாட்டுக்கு? வேலை கிடைக்காமலே போனால்? நண்பர் ஒருவர் இப்படி வடக்கே போய் மாதக்கணக்கில் ஹேங்கர் (விமானக் கொட்டகை) கூட்டினார், விமானம் கழுவினார், ஒரு பைசா தரவில்லை. “முதலில் உன் ஆர்வத்தைக் காட்டு” என்றார்களாம். சீசன் முடியும்போது வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். வானத்தின் மீதுள்ள ஆசையை வைத்து ஆளைச் சுரண்டும் தொழில் இது. இதைச் சொல்லாமல் பங்கிள் பங்கிள் அழகைச் சொன்னால் எப்படி?

டார்வின்வாசி:
கணக்குப்பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது. சம்பளமில்லாமல் வேலை வாங்குவது சட்டப்படி தவறு. பைலட்டுகளுக்கென்றே ஏர் பைலட்ஸ் அவார்டு 2020 என்ற குறைந்தபட்சச் சம்பள ஒழுங்கு இருக்கிறது. எந்த எடை விமானத்துக்கு எவ்வளவு என்று அதில் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். அதைக் கீழிறக்கிப் பேசும் இடத்தில் பராமரிப்புச் செலவையும் அப்படித்தான் கீழிறக்குவார்கள். அதே விமானத்தில் நீங்கள்தான் உட்காரப் போகிறீர்கள். 2019இல் மவுண்ட் ஐசா அருகே கனிம ஆய்வுக்குப் பறந்துகொண்டிருந்த 210 ஒன்றின் இறக்கை நடுவானில் பிரிந்து இரண்டு பைலட்டுகள் இறந்தார்கள். இறக்கையைத் தாங்கும் உத்தரத்தில் அரிப்பிலிருந்து தொடங்கிய விரிசல். அந்தக் கம்பெனி சம்பளத்தில் கஞ்சத்தனம் செய்தது என்று நான் சொல்லவில்லை. பழைய விமானங்கள் இவை, பராமரிப்பில் கண் வைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பேட்டிக்குப் போகும்போது நீங்களும் கேளுங்கள்: பராமரிப்பு எங்கே, யார் செய்கிறார்கள், கோளாறு எழுதினால் விமானம் நிற்குமா?

காத்திருக்கும் காலத்துக்கு ஹேங்கரை நம்பாதீர்கள். சூப்பர் மார்க்கெட், மதுக்கடை, கேரவன் பார்க், எரிபொருள் நிரப்பும் வேலை எதுவானாலும் பாருங்கள். சம்பளத்துக்குச் சம்பளம், ஊரில் எல்லோருக்கும் முகமும் தெரியும். ஐயாயிரம் பேர் அளவுள்ள ஊரில் சீஃப் பைலட்டும் அதே கடையில்தான் பால் வாங்குகிறார்.

ஓர்டுநதி:
இதை ஒத்துக்கொள்கிறேன். என் முதல் பதிவில் ஹேங்கர் கூட்டச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

அப்புறம் ஒரு உபரித் தகவல். ஓர்டு நதிப் பாசனத்தில் மாம்பழம், முலாம்பழத்தோடு நம் ஊர்ச் சந்தனமரமும் பெருந்தோட்டமாக நிற்கிறது. மேலிருந்து பார்த்தால் வரிசை வரிசையாகத் தெரியும். முதல் தடவை பார்த்தபோது சத்தியமங்கலம் ஞாபகம் வந்தது.

வன்னிப்பறவை:
கனடாவிலிருந்து எழுதுகிறேன். இங்கேயும் இதே கதைதான், குளிர் மட்டும் வேறு. யெல்லோநைஃப், தாம்சன், சூ லுக்அவுட் மாதிரி வடக்கு ஊர்களில் லைசென்ஸ் எடுத்த பிள்ளைகள் முதலில் ரம்ப் வேலைக்குப் போவார்கள். சாமான் ஏற்றி இறக்குவது, இறக்கையில் உறைபனி நீக்குவது, எஞ்சினுக்குப் போர்வை கட்டுவது. மைனஸ் முப்பது, நாற்பதில் ஒரு வருசமோ அதற்கு மேலோ நின்றபிறகுதான் வலது இருக்கை, அதாவது துணை விமானி வேலை. ஆனால் ஒன்று, அந்த வேலைக்குச் சம்பளம் உண்டு. எப்போது விமானத்துக்கு ஏற்றுவார்கள் என்பதுதான் எழுத்தில் இராது. நான் வேலைக்குச் சேரும் முன் அங்கே ரம்பில் நின்ற ஒரு பொடியனிடம் தனியாகக் கதைத்தேன். “உனக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள், போன வருசம் எத்தனை பேர் மேலே போனார்கள்?” என்று கேட்டேன். முகாமையாளர் சொல்வதைவிட அந்தப் பொடியன் சொன்னதுதான் வடிவான கணக்கு. அவுஸ்திரேலியாவிலும் அதைக் கேட்டுப் பாருங்கோ.

தஞ்சாவூர்அப்பா:
மகன் இந்தியாவில் லைசென்ஸ் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். ஏர்லைன் விமானமான ஏ320-ஐ ஓட்டும் தகுதிக்கு (டைப் ரேட்டிங்) இன்னும் பெரிய தொகை கட்டச் சொல்கிறார்கள், அதைக் கட்டினாலும் வேலைக்கு உத்தரவாதம் இல்லை. நீங்கள் சொல்லும் இந்தச் சின்ன விமான வேலைக்கு அவனை அனுப்ப முடியுமா? இந்தியாவில் ஏன் இப்படி ஒரு படி இல்லை?

ஓர்டுநதி:
ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில். கிம்பர்லியில் ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வெறும் நிலம். மழைக்காலத்தில் சாலையும் மூடிவிடும். 2023 ஜனவரி வெள்ளத்தில் ஃபிட்ஸ்ராய் கிராசிங் பாலமே போய், அந்த ஆண்டுக் கடைசியில்தான் புதுப்பாலம் திறந்தார்கள். அங்கே ஆறு இருக்கை விமானத்துக்குப் பிழைப்பு உண்டு. தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு பஸ் இருக்கும்போது யார் செஸ்னாவில் ஏறுவார்கள்? நம் ஊரில் இருநூறு மணிக்காரருக்கும் ஏர்லைனுக்கும் நடுவில் படியே இல்லாததற்கு அதுதான் பெரிய காரணம்.

மகனை அனுப்புவது கடினம். லைசென்ஸை இங்கே மாற்ற வேண்டும், அதற்குத் தேர்வும் பறப்புச் சோதனையும் உண்டு. அது முடியக்கூடியதுதான். பெரிய தடை வேலை செய்யும் உரிமை. இருநூறு மணிக்காரருக்கு ஸ்பான்சர் செய்ய எந்தச் சின்னக் கம்பெனியும் முன்வராது, வாசலிலேயே பி.ஆர். உள்ளவர்கள் நிற்கிறார்கள். 2024இலிருந்து இந்தியர்களுக்கு வேலையும் விடுமுறையுமான 462 விசா திறந்திருக்கிறது. 30 வயதுக்குள், ஆண்டுக்கு 1000 பேர், குலுக்கல் முறை. அதிலும் ஒரே முதலாளியிடம் பொதுவாக 6 மாதம்தான். பயிற்சி கொடுத்து முடித்ததும் போய்விடுவார் என்று சீஃப் பைலட் யோசிப்பார். வேலை உறுதி என்று யாராவது ஏஜென்ட் பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

டார்வின்வாசி:
மொராபின்காரன், நீங்கள் குனுனுராவையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். டார்வினையும் யோசியுங்கள். இங்கே சுற்றுலா குறைவு, ஆர்னம் நிலத்துப் பழங்குடி ஊர்களுக்கான சார்ட்டர்தான் அதிகம். மனிங்ரிடா, எல்கோ தீவு, ரமிங்கினிங். நர்ஸ், ஆசிரியர், கால்பந்துக் குழு, உறவினர் சாவுக்குப் போகும் குடும்பம், சில நாள் சவப்பெட்டி. ஆண்டு முழுவதும் வேலை, மழையிலும்.

இந்த வேலையில் பாதி, விமானத்துக்கு வெளியே நடப்பது. பல ஊர்களில் மதுவுக்குத் தடை. பையில் பாட்டில் இருந்தால் உங்களுக்கும் தலைவலி. படகு எஞ்சினுக்குப் பெட்ரோல் கேன் கொண்டுவருவார்கள், ஏற்ற முடியாது என்று மரியாதையாகச் சொல்லத் தெரிய வேண்டும். அபாயப் பொருள் பயிற்சிச் சான்றிதழை முன்பே எடுத்து வையுங்கள், இரண்டு ஆண்டு செல்லும். இறங்குமுன் ஓடுபாதை மேல் தாழ்வாக ஒரு சுற்று, வாலபி (சின்னக் கங்காரு) இருக்கிறதா, நாய் இருக்கிறதா என்று. பெரியவர்களிடம் அவசரப்படாமல் பேசுங்கள். உங்களைப் பற்றி அந்த ஊர் என்ன நினைக்கிறது என்பது உங்களுக்கு முன்பே ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

மழை தொடங்குமுன் இரண்டு மூன்று மாதம் புழுங்கித் தள்ளும், பில்ட்-அப் என்பார்கள். டார்வினுக்கு வடக்கே திவி (Tiwi) தீவுகளுக்கு மேல் பெரும்பாலான மதியங்களில் எழும்பும் இடிமேகத்துக்கு ஹெக்டர் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்து பைலட்டுகள் வைத்த பெயர், ஏறக்குறைய 20 கிலோமீட்டர் உயரம் போகும். ஹெக்டராவது எங்கே இருக்கும் என்று தெரியும். மற்றவை தெரியாது. 2017 அக்டோபர் 23 அன்று டார்வினிலிருந்து எல்கோ தீவுக்குக் கிளம்பிய ஒரு 210, நகரத்துக்குப் பக்கத்திலேயே, இடிமேகத்துக்கு அருகில் நடுவானில் உடைந்தது. உள்ளே இருந்த இரண்டு பைலட்டுகளும் இறந்தார்கள். இங்கே வரும் புதியவர்கள் அந்த விசாரணை அறிக்கையைப் படிக்க வேண்டும்.

பகல் பறப்பில், கடைசி வெளிச்சத்துக்குப் பத்து நிமிடம் முன்பே போய்ச் சேரும்படி திட்டமிட வேண்டும் என்பது விதி. இங்கே அந்தி என்று ஒன்று நீடிக்காது, பொசுக்கென்று இருட்டும். மாலை நாலரைக்கு, இன்னும் இருவர் வந்துகொண்டிருக்கிறார்கள், கொஞ்சம் பொறு என்பார்கள். நான் ஒருமுறை விமானத்தைக் கட்டிப்போட்டுவிட்டு மனிங்ரிடாவிலேயே தங்கிவிட்டேன். சீஃப் பைலட் போனில் ஒன்றுமே கேட்கவில்லை, தூங்க இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அப்படிப்பட்டவரிடம் வேலை செய்யுங்கள். ஏன் வரவில்லை என்று கத்துபவரிடம் சேராதீர்கள், மணிக்கணக்கு எவ்வளவு கிடைத்தாலும்.

ரேடார்திரை:
இதற்கு மேல் நான் என்ன சொல்ல. என் மாணவர்களுக்கு இந்தத் திரியைக் காட்டப்போகிறேன். ஒரே ஒரு சந்தேகம்: குடும்பத்தோடு இருப்பவருக்கு இது முடியுமா?

மொராபின்காரன்:
அதுதான் எனக்கும் பெரிய கேள்வி. மனைவிக்கு மெல்பர்னில் நல்ல வேலை. என்னை நம்பி அதை விடச் சொல்ல மனம் வரவில்லை.

டார்வின்வாசி:
என்ன வேலை செய்கிறார்?

மொராபின்காரன்:
நர்ஸ். பொது மருத்துவமனையில்.

டார்வின்வாசி:
அட, இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! வடக்கே பைலட்டுக்குத்தான் வேலை இல்லை. நர்ஸுக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு, பல இடங்களில் தங்கும் வீட்டோடு.

கணக்குப்பிள்ளை:
இப்போதுதான் கணக்கு நேராகிறது. ஒரு சம்பளம் உறுதி, வாடகை பெரும்பாலும் மிச்சம். நான் என் ஆட்சேபணையைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். மீதிப் பாதி, அவருக்கும் அங்கே போக விருப்பமா என்பது. அதை அவரிடம்தான் கேட்க வேண்டும், இங்கே அல்ல.

ஓர்டுநதி:
சீஃப் பைலட் பக்கத்திலிருந்தும் பாருங்கள். மனைவிக்கு உள்ளூர் ஆஸ்பத்திரியில் ஓராண்டு ஒப்பந்தம் என்றால், நான் மேலே சொன்ன அக்டோபர் கேள்விக்கு நீங்கள் வாய் திறக்காமலே பதில் சொன்ன மாதிரி. முதலில் அவர் விண்ணப்பிக்கட்டும். எந்த ஊரில் கிடைக்கிறதோ அந்த ஊருக்குப் போங்கள், குனுனுராவோ ப்ரூமோ கேதரினோ. மூன்றிலும் விமானம் பறக்கிறது.

மொராபின்காரன்:
நேற்று இரவு இருவரும் உட்கார்ந்து இந்தத் திரி முழுவதையும் படித்தோம். நான் கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அவரோ குனுனுரா, ப்ரூம் இரண்டு இடத்துக்கும் விண்ணப்பம் போட்டுவிட்டு, “உனக்கு வேலை கிடைக்காவிட்டால் நீ சமைக்கலாம்” என்கிறார். பிப்ரவரி கடைசியில் கிளம்பலாம் என்று பேச்சு. எனக்கு மடங்கும் சக்கர எண்டோர்ஸ்மென்ட் இல்லை. இங்கே 210 வாடகைக்குக் கிடைப்பது சிரமம். பைப்பர் ஆரோவில் எடுத்தால் செல்லுமா?

ஓர்டுநதி:
செல்லும். எண்டோர்ஸ்மென்ட் அந்த அம்சத்துக்குத்தான், குறிப்பிட்ட மாடலுக்கு அல்ல. ஆரோவில் புரொப்பெல்லரும் சேர்ந்தே முடிந்துவிடும். 210இன் குணத்தைக் கம்பெனி சொல்லிக்கொடுக்கும்.

வழி: அடிலெய்டு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், கேதரின், அங்கிருந்து மேற்கே குனுனுரா. மொத்தம் ஏறக்குறைய 4000 கிலோமீட்டர். பிப்ரவரியில் விக்டோரியா நதி பொங்கினால் கேதரினுக்கு மேற்கே சாலையை மூடுவார்கள், கிளம்பும் ஒவ்வொரு காலையும் சாலை நிலவரம் பாருங்கள், தண்ணீரும் இரண்டு நாள் சாப்பாடும் வண்டியில் இருக்கட்டும். மேற்கு ஆஸ்திரேலிய எல்லைச் சோதனைச் சாவடியில் பழம், காய்கறி, தேன் எதையும் விட மாட்டார்கள். கறிவேப்பிலைக் கட்டையும் கேதரினிலேயே தீர்த்துவிடுங்கள். எல்லை தாண்டியதும் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் வையுங்கள். சீஃப் பைலட்டைப் பார்க்க விடியற்காலையில் போகாதீர்கள், காலைப் பறப்பெல்லாம் முடிந்து பத்து மணிக்கு மேல் போங்கள். லாக்புக்கைக் கூட்டி, ஒவ்வொரு பக்கமும் கையெழுத்திட்டு எடுத்துப்போங்கள். அவர் முதலில் புரட்டுவது அதைத்தான்.